பீரோ சாவி யார்கிட்ட இருக்கு தாயி?

வா தாயி, வா. கால்ல அப்புறம் விழலாம், முதல்ல அந்தப் பைய முதுகுலருந்து இறக்கி வை. பாத்துக்கிட்டிருக்கிற எனக்கே கூன் விழுந்துரும் போல இருக்கு. உள்ள என்ன? லேப்டாப்பு, அதுக்கு ஒரு வயரு. ஸ்பீக்கரு, அதுக்கு ஒரு வயரு. பென் டிரைவு. அதுக்கு மட்டும் வயரு கிடையாது, அதனாலதான் அது முதல்ல தொலையும்.

விஷயம் எனக்குத் தெரியும். உங்க அம்மா நேத்தே போன் போட்டுச் சொல்லிட்டா. வர்ற செவ்வாய்க்கிழமை ஏழாம் வகுப்புக்குப் பூவப் பத்திப் பாடம் எடுக்கப் போற. சும்மா எடுத்தா ஆகாது, டெக்னாலஜி வச்சு எடுக்கணும். உங்க காலேஜ் மேடம் வந்து கடைசி பெஞ்சில உட்கார்ந்து மார்க் போடப் போறாங்க. அதுக்குத் தாத்தாகிட்ட ஆசீர்வாதம் வாங்க வந்திருக்க. அம்புட்டுத்தான?

ஆசீர்வாதம் ஓசியாவே குடுத்துருவேன். புத்திமதிக்குத்தான் கூலி. அந்தச் செல்லத்துலருந்து ரெண்டு வெத்தலைய எடுத்துக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு கொஞ்சமாத் தடவிக் குடு. உங்க ஆச்சி பாக்குறதுக்குள்ள.

எட்டாங்கிளாஸ் பெயிலானவன், பி.எட். ரெண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிறப் போறான்னுதான நினைக்கிற? நினை, தப்பில்ல. ஆனா ஒண்ணு கேக்குறேன். உங்க காலேஜ்ல டெக்னாலஜியப் பத்திப் பேசுறவுகள்ல எத்தனை பேரு அதுக்கு ராத்திரி ராத்திரியாக் காவல் இருந்திருக்காக? நான் இருந்திருக்கேன். ஹைஸ்கூல்ல 34 வருஷம் வாட்ச்மேன். ஒரு டார்ச் லைட்டு, ஒரு கம்பு, ஒரு சாவிக்கொத்து. டெக்னாலஜி எல்லாம் அந்தச் சாவிக்கொத்துக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு.

1986ல புதுக் கல்விக் கொள்கைனு ஒண்ணு வந்துச்சுல, அதுக்குப் பிற்பாடு டெல்லிக்காரங்க திட்டத்துல பள்ளிக்கூடங்களுக்குக் கலர் டிவியும், கேசட் போடுற ரேடியோவும் குடுத்தாங்க. எங்க பள்ளிக்கூடத்துக்கும் ஒரு டிவி வந்து இறங்குச்சு. ஊரே வந்து பாத்துச்சு. தேங்கா உடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, மாலை வாடுறதுக்கு முன்னாடி ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டியாச்சு. ஏன்னு நினைக்கிற? அது ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறிருச்சு தாயி. ரிஜிஸ்டர்ல ஏறுன சாமான் உடைஞ்சா ஹெச்எம் பதில் சொல்லணும், ஆடிட்ல கேப்பான், ரிட்டையர் ஆகப் போற மனுசனுக்குப் பென்ஷன்ல கை வைப்பான். உபயோகப்படுத்தாத சாமான் உடையாது பாரு. அதனால டிவி பத்து வருஷம் புத்தம் புதுசா இருந்துச்சு. அப்புறம் எலி வயரைக் கடிச்சுச்சு, கண்டம் பண்ணிட்டாங்க. அந்த டிவியை அதிக நேரம் பாத்தவன் நான்தான். அதுவும் அணைச்சு வச்ச டிவிய.

பெறகு 2004. செப்டம்பர் 20ந்தேதி ஸ்ரீஹரிகோட்டாவுலருந்து எடுசாட்னு படிப்புக்குன்னே ஒரு செயற்கைக்கோளை ஏத்தி விட்டாங்க. எங்க சயின்ஸ் சாரு டீக்கடையில வச்சுச் சொன்னாரு: ஆகாசத்துல கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்துல நின்னுக்கிட்டு நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் அனுப்புமாம். நல்ல காரியம். ஆனா அம்புட்டுத் தூரம் தாண்டி வர்ற பாடம் எங்க ஸ்டோர் ரூம் கதவுக்கு மூணடி வெளியில நின்னுக்கிட்டு, சாவி எங்கனு கேட்டா என்ன செய்ய?

2011ல பிள்ளைகளுக்கு விலையில்லா லேப்டாப்பு வந்துச்சு. 2018லருந்து வந்த புதுப் புஸ்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டமா ஒரு கோலம் போட்டிருந்தாங்க, போனைக் காமிச்சா வீடியோ ஓடும்னாங்க. 2019 ஆகஸ்டுல கல்வித் தொலைக்காட்சி வந்துச்சு. பெரிய பள்ளிக்கூடங்கள்ல ஹைடெக் லேப்புனு கண்ணாடி ரூம்ல கம்ப்யூட்டர் வரிசை வந்துச்சு. ஒவ்வொண்ணும் வரும்போது ஒவ்வொரு புதுப் பூட்டும் வந்துச்சு. நான் பொய் சொல்லலை, சாவிக்கொத்தோட கனத்தை வச்சுச் சொல்றேன்.

அந்த சயின்ஸ் சாரு இன்னொண்ணும் சொல்லுவாரு. லைட்டு பல்பு செஞ்ச எடிசன் இருக்காருல்ல, அவரு 1913லேயே பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னாராம்: இனிமே பள்ளிக்கூடத்துல புஸ்தகம் செல்லாக்காசு, சினிமாதான் பாடம் நடத்தும், பத்தே வருஷத்துல எல்லாம் தலைகீழா மாறிரும்னு. நூறு வருஷம் தாண்டிருச்சு. உன் பையில இன்னமும் புஸ்தகம் இருக்கு. கெட்டிக்காரன் சொல்லும் பத்து வருஷத்துக்குத்தான் போலருக்கு.

சரி, உன் சோலிக்கு வருவோம். எங்க, அந்த லேப்டாப்பைத் திற. செவ்வாய்க்கிழமைக்குப் பண்ணி வச்சிருக்கிறதைக் காட்டு.

அடேங்கப்பா. முதல் படத்துல உன் பேரு, ரோல் நம்பரு, காலேஜ் பேரு, காலேஜ் கட்டடம், காலேஜ் கொடி. அருமை. ஏழாப்புப் பிள்ளைக்குப் பூவுக்கு எத்தனை வட்டம்னு தெரியாட்டியும் உன் ரோல் நம்பரு தெரிஞ்சே ஆகணும். ரெண்டாவது படத்துல திருவள்ளுவரு. அவரு எல்லாத்துக்கும் வருவாரு, பாவம். மூணாவதுல ‘கற்றலின் நோக்கங்கள்’, பொடி எழுத்துல பதினொரு வரி. இதை யாருக்கு எழுதுன? பிள்ளைகளுக்கா, கடைசி பெஞ்சுக்கா? எழுத்து ஒவ்வொண்ணும் வவ்வா மாதிரிப் பறந்து வந்து உட்காருது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சத்தம் வேற. பிரமாதம் தாயி. பிள்ளைக எழுத்தை வாசிக்காதுக, அடுத்த வவ்வா எந்தப் பக்கத்துலருந்து வரும்னு பந்தயம் கட்டும். கடைசியில ‘நன்றி’னு ஒரு ரோசாப்பூ, முழுசா, பனித்துளியோட. பூவப் பத்தின பாடத்துல பிள்ளைக தெளிவாப் பாக்கப் போற ஒரே பூ அதுதான்.

மூஞ்சியத் தூக்கி வைக்காத. இதையெல்லாம் எந்தக் கடையில அடிச்ச? பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையா? அப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அந்தக் கடைக்காரன் அடிச்ச தமிழு அவன் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் தமிழு. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்ல அந்த எழுத்து இல்லைன்னா, திறந்த உடனே இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியும் கலந்து, சினிமா வில்லன் அனுப்புன ரகசியக் கடுதாசி மாதிரி வந்து நிக்கும். எங்க ஆபீஸ் கிளார்க்கு இதோட பட்ட பாடு எனக்குத் தெரியும். மேல அனுப்புன அறிக்கைய மாவட்ட ஆபீசுல திறந்தா அங்க ஒரு பாஷை, இங்க ஒரு பாஷை. 2010ல கோயம்புத்தூர்ல செம்மொழி மாநாடு நடந்தப்பவே அரசாங்கம் யூனிகோடை ஏத்துக்கிட்டு உத்தரவு போட்டாச்சு. கடைக்காரனுக்குத்தான் அந்த உத்தரவு இன்னும் வந்து சேரலை. ராத்திரி உட்கார்ந்து யூனிகோடுல நீயே அடி. பதினொரு வரிய ரெண்டு வரியாக்கு, எழுத்தைப் பெருசாக்கு. வவ்வாலையெல்லாம் விரட்டு.

நாளைக்கு வெள்ளனாப் பள்ளிக்கூடம் போ. பிரேயருக்கு முன்னாடி. எந்த ரூம்ல பாடம் எடுக்கப் போறியோ அதுக்குள்ள போயி, நீ நிக்கப் போற இடத்துல நிக்காத, கடைசி பெஞ்சில போயி உட்காரு. அங்கருந்து சுவரைப் பாரு. கிழக்குப் பாத்த ஜன்னலுக்குக் கதவு இருக்கா, இல்ல கம்பி மட்டும்தானா? முதல் பீரியட்டுல சூரியன் நேரா உள்ள வந்து உன் புரொஜெக்டர் வெளிச்சத்தைத் தின்னுரும். நம்ம கரிசக்காட்டுச் சூரியனுக்கு முன்னாடி அந்தப் பெட்டி வெளிச்சம் மின்மினிப் பூச்சி. ரெண்டாவது, பிளக் பாயிண்டு எங்க இருக்குனு பாரு. உன் வயரு மூணு அடி, பிளக் பாயிண்டு பன்னிரண்டு அடி தள்ளி, அதுவும் பீரோவுக்குப் பின்னாடி இருக்கும். எங்க பள்ளிக்கூடத்துல அப்படித்தான் வச்சிருந்தாங்க, காண்ட்ராக்டர் பேரனுக்குக் கையெட்டக் கூடாதுனு வச்சாரோ என்னமோ. ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வாங்கிப் பையில போடு. லேப்டாப்புல ஒரு மாதிரி ஓட்டை, புரொஜெக்டர்ல வேற மாதிரி ஓட்டை இருக்கும். ரெண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிக்கிற வயரு எதுனு முன்னாடியே சேத்துப் பாத்துரு. முகூர்த்த நேரத்துல வந்து பொருத்தம் பாக்காத.

எல்லாத்துக்கும் மேல, சாவி. புரொஜெக்டரு யார்கிட்ட இருக்குனு கேக்காத. சாவி யார்கிட்ட இருக்குனு கேளு. அவரு செவ்வாய்க்கிழமை வருவாரான்னும் கேளு. நான் பாத்திருக்கேன், பாடம் எடுக்குற அன்னைக்குத்தான் சாவி வச்சிருக்கிற சாரு டிரெய்னிங் போயிருப்பாரு. என்ன டிரெய்னிங்னு கேட்டா, டெக்னாலஜி டிரெய்னிங்கும்பாங்க. சாவி அவரு சட்டைப்பையில மதுரையில இருக்கும். ஆபீஸ் அசிஸ்டெண்டுகிட்டப் பணிவா நடந்துக்கோ. ஹெச்எம் அனுமதிதான் குடுப்பாரு, கதவைத் திறந்து விடுறது அவருதான். இது நான் என் வர்க்கத்துக்குப் பரிஞ்சு பேசுறதுனு நினைச்சாலும் சரி.

அப்புறம் பேப்பர் பாரு. தலைப்புச் செய்தியை விடு, உள்ள ஒரு மூலையில ‘இன்றைய மின்தடை’னு பொடியாப் போட்டிருப்பான். மாசாமாசம் பராமரிப்புனு காலையில 9 மணிக்குப் பிடுங்குனா சாயங்காலம்தான். ஊர்ல அந்தக் கட்டத்தை முதல்ல வாசிக்கிறது ரெண்டு பேரு, மாவு மில்லுக்காரனும் ஜெராக்ஸ் கடைக்காரனும். இனிமே நீ மூணாவது ஆளு. செவ்வாய்க்கிழமை கரண்டு இல்லைன்னா என்ன பண்ணுவ? சொல்லு. பதில் இல்லைன்னா, நீ பாடம் தயார் பண்ணலை, படம் தயார் பண்ணியிருக்க.

நெட்டை நம்பாத. வீடியோவை நம்பி நேரடியா யூடியூபைத் திறந்தன்னு வை, தேனீ பூவுல வந்து உட்கார்ற நேரத்துல நடுவுல ஒருத்தன் வந்து, தங்க நகைக்குக் கடன் வேணுமான்னு கேப்பான். பிள்ளைகளுக்கு மனசுல பதியிறது அதுதான். முன்னாடியே இறக்கி வச்சுக்கோ. திக்ஷா ஆப்புல இறக்கி வச்சுக்கிட்டா நெட் இல்லாமலே ஓட்டலாம்னு நீதான போன வாரம் பெருமையாச் சொன்ன. போனைப் புரொஜெக்டர்ல சேத்துப் போடுறதா இருந்தா வாட்ஸ்அப்பை வாயடைச்சு வை. போன வருஷம் ஒரு டிரெயினிங் டீச்சர் பாடம் எடுக்கும்போது, சுவர் நிறைய அவுங்க அம்மா வந்து, ‘மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஞாயித்துக்கிழமை வாராக, முகத்துக்கு மஞ்சள் பூசு’னு எழுதுனாளாம். அன்னைக்கு அந்த வகுப்புல முழுப் பிள்ளைகளும் கவனமா வாசிச்ச ஒரே வரி அது.

இப்ப பாடத்துக்கு வா. புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம். இதுக்கு என்ன படம் வச்சிருக்க? செம்பருத்தியா. எங்கருந்து எடுத்த? கூகுள்லருந்தா. நல்லாருக்கு. ஹவாயோ எங்கயோ பூத்த செம்பருத்தி. நீ பாடம் எடுக்குற பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவர் ஓரமா கைக்கெட்டுன தூரத்துல எத்தனை செம்பருத்தி இருக்குனு எனக்குத் தெரியும். அதுல ரெண்டை நட்டவனே நான்தான். பிள்ளைக ஜன்னலைத் திரும்பிப் பாத்தா அசல் ஆடிக்கிட்டிருக்கு, நீ கதவைச் சாத்தி இருட்டாக்கி நகலைக் காட்டப் போற. கல்யாணப் பொண்ணு பக்கத்துல நிக்கும்போது போட்டோவைக் காட்டிப் பொண்ணு பாக்கச் சொன்ன கதைதான்.

காலையில போகும்போது ஒரு கடகத்துல நாப்பது பூ பறிச்சுக்கோ. ஆளுக்கு ஒண்ணு குடு. நகத்தால கீறச் சொல்லு. அஞ்சு இதழை எண்ணச் சொல்லு, நடுக்குழாயில ஒட்டிக்கிட்டிருக்கிற மஞ்சத்தூளை விரல்ல தொடச் சொல்லு, உச்சியில அஞ்சு உருண்டை இருக்கும், அதைத் தடவிப் பாக்கச் சொல்லு. லெசன் பிளான்ல ‘கற்றல் துணைக்கருவிகள்’னு ஒரு கட்டம் இருக்குல, அதுல ‘செம்பருத்திப் பூ, 40’னு எழுது. மேடம் கேட்டா தாத்தா சொன்னாருனு சொல்லாத, ‘செயல்வழிக் கற்றல்’னு சொல்லு. நானும் 34 வருஷம் பள்ளிக்கூட வாசல்ல உட்கார்ந்திருந்தவன், எந்த வார்த்தைக்கு எம்புட்டு மார்க்குனு தெரியாதா?

இன்னொரு சங்கதி உங்க புஸ்தகத்துல இருக்கான்னு தெரியலை. பருத்திப் பூ, வெண்டைப் பூ, பூவரசம் பூ, செம்பருத்தி நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்திருக்கியா? ஒரே மூக்கு, ஒரே முழி. ஒரு வயித்துப் பிள்ளைக மாதிரி. எங்க சயின்ஸ் சாருகிட்டக் கேட்டேன், ஆமா பெரியவரே, நாலும் மால்வேசினு ஒரே குடும்பம்னாரு. பங்காளிக. பருத்திப் பூ ஒருநா வெளுப்பா விரிஞ்சு மறுநா செவந்து வாடும். கூலிக்குப் பருத்தி எடுக்கப் போற வீட்டுப் பிள்ளை உன் வகுப்புல நாலாவது இருக்கும். அதைக் கேளு, அது சொல்லும். பூசணிக்குக் காலையில வெள்ளனா ஆண் பூவப் பறிச்சுப் பெண் பூவுல தடவுவாளே உங்க ஆச்சி, அது என்னன்னு நினைச்ச? மகரந்தச் சேர்க்கைதான். ஆச்சிக்குப் பேரு தெரியாது, உனக்குப் பேரு தெரியும், தடவத் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஒரு டீச்சர்.

அப்ப டெக்னாலஜியே வேண்டாமான்னு கேக்காத. நான் அதுக்கு விரோதி இல்ல, அதுக்குக் காவல் இருந்தவன். கண்ணுக்கு எட்டுறதுக்கு எதுக்குப் படம்? கண்ணுக்கு எட்டாததுக்குத்தான் படம். அந்த மஞ்சத்தூளு சூல்முடியில ஒட்டுன பெறகு, அதுலருந்து நூலாட்டம் ஒரு குழல் முளைச்சு, தண்டு வழியா இறங்கிச் சூல்பைக்குள்ள போகுதாமே? அதை நீயும் பாக்க முடியாது, நானும் பாக்க முடியாது, ஆச்சி கூடப் பாக்க முடியாது. அங்கன ஓட்டு உன் வீடியோவை. ஒரு நிமிசம், ஒண்ணரை நிமிசம். போதும். நாப்பது நிமிசப் பாடத்துல படம் ஊறுகா அளவுதான் இருக்கணும். நீ ஊறுகாயைப் போட்டுப் பிசைஞ்சுட்டுச் சோத்தைத் தொட்டுக்கச் சொல்ற.

மேடத்துக்குப் பெருசா ஏதாவது காட்டணும்னு ஆசையா? உன் போனைக் கவுத்து வச்சு, கேமரா கண்ணு மேல ஒரே ஒரு சொட்டுத் தண்ணி விடு. பைய விடணும், பூதக் கண்ணாடியாயிரும். அப்படியே மகரந்தத் தூளை அது கிட்டக் கொண்டு போனா மணி மணியாத் தெரியும். அதைச் சுவர்ல போடு. தன் விரல்ல ஒட்டுன தூளு சுவர் அகலத்துக்கு நிக்கிறதைப் பாத்தா ஒரு பயலும் அசைய மாட்டான். மேடமும் டெக்னாலஜினு டிக் அடிச்சுருவாங்க. போனு கெட்டுப் போச்சுன்னா நான் சொன்னேன்னு உங்க அப்பன்கிட்டச் சொல்லாத.

இதெல்லாம் நானாச் சொல்லலை. ஜன்னல் வழியாப் பாத்துப் படிச்சது. சொன்னேன்ல, எங்க சயின்ஸ் சாரு. பேரைச் சொன்னாக் கோவிச்சுக்குவாரு, இருக்கட்டும். பள்ளிக்கூடத்து டிவியைக் கேட்டுப் பாத்தாரு, சாவி கிடைக்கலை. மனுசன் சொந்தக் காசுல டவுன்லருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒரு வண்டியில ஏத்திக்கிட்டு வந்தாரு. கூட்டுப்புழு வண்ணத்துப்பூச்சியாகுற கேசட்டு. பிள்ளைக வாயைப் பொளந்து பாத்துக்கிட்டிருக்கு. கூடு லேசா ஆடுது, ஒரு கீறல் விழுது. டக்குனு நிப்பாட்டிட்டாரு மனுசன். அப்படியே படம் நடுங்கிக்கிட்டு நிக்குது. பிள்ளைக எல்லாம் கத்துது, நானும் ஜன்னல்ல நின்னுக்கிட்டுக் கத்துறேன். அவரு அமைதியா, ‘உள்ளருந்து என்ன வரும்? முதல்ல தலையா, காலா, றெக்கையா? றெக்கை எப்படி இருக்கும், விரிஞ்சா, சுருங்கியா? எழுதுங்க’ன்னுட்டாரு. எழுதி முடிக்கையில மணி அடிச்சுருச்சு. அவரு டிவியை அணைச்சுட்டாரு. நாளைக்குத்தான் மிச்சம்னாரு.

அன்னைக்குச் சாயங்காலம் பாக்கணும் தாயி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி எருக்கலஞ்செடி எல்லாத்தையும் தலைகீழாப் பிள்ளைக அலசுது. அதுலதான வரிப்புழு மேயும், இலைக்கு அடியில பச்சைக் கம்மல் மாதிரிக் கூடு தொங்கும். பாட்டில்ல போட்டு, மேல கொசுவலைத் துணி கட்டி, கொண்டு வந்து ஜன்னல்ல வரிசையா வச்சுட்டாங்க. காவல் காக்கச் சொல்லி என்கிட்ட ஒப்படைச்சாங்க. என் 34 வருஷத்துல நான் உருப்படியாக் காவல் காத்தது அந்தப் பாட்டிலைத்தான். வாரம் பத்து நாள்ல ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. தலைதான் முதல்ல. றெக்கை ஈரத்துணி மாதிரிச் சுருண்டு இருந்துச்சு. எழுதுனதுல முக்கால்வாசிப் பேரு தப்பு. நானும் தப்பு.

அந்தப் பெட்டியில இருக்கிற பொத்தான்லயே உருப்படியானது நிப்பாட்டுற பொத்தான் ஒண்ணுதான். உன் வீடியோவுல எந்த இடத்துல நிப்பாட்டப் போற, நிப்பாட்டி என்ன கேக்கப் போற, அதை இன்னைக்கு ராத்திரி எழுது. ‘புரிஞ்சுதா?’ன்னு கேக்காத. புரிஞ்சுதான்னு கேட்டா நாப்பது தலையும் ஆடும். வெள்ளாட்டுக்கு முன்னாடி கொழையை ஆட்டுனாலும் அப்படித்தான் ஆடும்.

பழகிப் பாத்தியா? மைக்ரோ டீச்சிங்கா? ஆமா, அமெரிக்காவுல ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துல 1963 வாக்குல கண்டுபிடிச்சதுனு நீ சொன்ன. அஞ்சாறு பிள்ளைக, அஞ்சாறு நிமிசம், ஒரே ஒரு திறமை, படம் பிடிச்சுப் பாத்துட்டுத் திரும்ப எடுக்கணும். நல்ல ஏற்பாடுதான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா உங்க காலேஜ்ல யாரு பிள்ளைக? கூடப் படிக்கிறவளுக. உனக்கு அவளுக தலையாட்டுவாளுக, அவளுகளுக்கு நீ தலையாட்டணும். மொய் மாதிரி. எழுதி வச்சுத் திருப்பிச் செய்வீங்க.

ஞாயித்துக்கிழமை திண்ணைக்கு வா. தெருப்பிள்ளைக எட்டுப் பேரைப் பிடிச்சு உட்கார வைக்கிறேன், ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய் உன் செலவு. போனைத் தண்ணிக் குடத்துல சாச்சு வச்சுப் படம் பிடி. பெறகு அதைச் சத்தத்தை அணைச்சுட்டுப் பாரு. நீ பிள்ளைகளைப் பாத்துப் பேசுறியா, சுவரைப் பாத்துப் பேசுறியானு அப்பத் தெரியும். படம் போட்டதும் வாத்தியாருக்கெல்லாம் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டுற வியாதி வந்துருது. கரும்பலகைக்காவது எழுதணும்னு ஒரு சாக்கு இருந்துச்சு.

செவ்வாய்க்கிழமை ஏதாவது மக்கர் பண்ணுச்சுன்னா வேர்க்காத. கடைசி பெஞ்சில எண்ணெய் வைக்காத தலையோட ஒரு பய இருப்பான், கணக்குல சைபர் வாங்குறவன். அவன் அப்பன் செல்போன் ரிப்பேர்க் கடையில இருப்பான், இல்லைன்னா மைக்செட் போடுவான். ‘ஏலே, இதைக் கொஞ்சம் பாரு’ன்னு கூப்பிடு. ஓடி வந்து ரெண்டு பொத்தானைத் தட்டுவான், சரியாயிரும். டீச்சருக்குத் தெரியாதது இவனுக்குத் தெரிஞ்சிருக்கேன்னு வெக்கப்படாத. அவனைப் பள்ளிக்கூடத்துல முதத் தடவையா ஒருத்தர் பேரு சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்க.

வீட்டுப்பாடமா? புஸ்தகத்துல இருக்கிற கோலத்தை வீட்டுல போய்ப் போன்ல பாத்துட்டு வாங்கன்னு சொல்லப் போறியா? சொல்லாத. வீட்டுக்கு ஒரு போனு, அது அப்பன்கூடத் தீப்பெட்டி ஆபீசுக்கோ லாரியிலயோ போயிருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு வரும்போது அதுல சார்ஜ் இருக்காது, அப்பனுக்கும் இருக்காது. கொரோனாவுல பாத்தோம்ல, வேப்ப மரத்துக்குக் கீழ ஒரு போனு, சுத்தி ஏழு பிள்ளைக, மரத்து மேல ஒருத்தன் டவர் பிடிச்சுக்கிட்டு. போன் இல்லாத பிள்ளை வாய் திறந்து சொல்லாது. பாத்தேன் டீச்சர்னு பொய் சொல்லும். அந்தப் பொய்யைச் சொல்ல வைக்காத. பாக்க வேண்டியதை வகுப்புலயே காட்டிரு, வீட்டுக்குப் பூசணிப் பூவ எண்ணிட்டு வரச் சொல்லு.

இந்தா, உங்க ஆச்சி வாராப்புல இருக்கு, வெத்தலைச் செல்லத்தை மூடு. ஸ்கிரீன் இருக்கானு கேட்டியே, பள்ளிக்கூடத்துல இருந்த ஸ்கிரீனுக்கு ஆண்டுவிழாவுல என்ன ஆச்சுனு எனக்குத் தெரியும், சொன்னா நாறும். சுவரும் பச்சைப் பெயிண்டு, பூ வேற கலராத் தெரியும். அந்தக் கொடியில கிடக்குல்ல, பொங்கலுக்கு ரேஷன் கடையில குடுத்த வேட்டி. இன்னும் தண்ணி படலை, நாலு முழம், பால் வெளுப்பு. கரை மேல போற மாதிரி மடிச்சு இழுத்துக் கட்டு, சுருக்கம் இல்லாம. ஆணி அடிக்காத, கயிறு போட்டுக் கட்டு. புதன்கிழமை சாயங்காலம் திருப்பிக் குடுத்துரணும், வியாழக்கிழமை சாத்தூர்ல ஒரு கல்யாணம், வேற வேட்டி கிடையாது.